பதினாலு டன்

ஏலத்தில் கையைத் தூக்கியவன் நான்தான்.
பங்காளி தனிஸ்லாஸ் அப்போது
மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான்.
இரண்டு வண்டி, ஒரே லாட்,
பிரித்துத் தர மாட்டார்களாம்.

சங்ககிரியில் முப்பது வருஷம் லாரி பார்த்த ஆள்.
டயரைத் தட்டிப் பார்க்காமல் விலை பேசியதில்லை.
இதற்கு டயர் இல்லை.
சங்கிலியை உதைத்தேன்.
கட்டைவிரல் நகம் போனது.
லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்றேன்.
இத்தனை வருஷ சர்வீஸில்
அந்த டிப்போக்காரரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போல.
எழுந்து போய் இன்னொருவரைக் கூட்டி வந்து
என்னைக் காட்டினார்.

பீரங்கி இருந்த இடத்தில்
வட்டத் தகடு வைத்துப் பற்றவைத்திருந்தார்கள்,
தோளில் தடுப்பூசித் தழும்பு மாதிரி.

ஆர்டிஓ ஆபீஸில் கேட்டார்கள்:
படகா, வாகனமா?
இரண்டும்தான் சார்.
ஏதாவது ஒன்றைச் சொல்லுங்க.
கடைசியில் 'இதர' என்று எழுதிக் கொடுத்தவர்
வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற பச்சியண்ணன்.
ஐம்பது ரூபாய் வாங்கினார்.

இருபது கொண்டை ஊசியில்
இரண்டாவதிலேயே டிரெய்லர் பின்வாங்கிவிட்டது.
சுற்றிக்கொண்டு குப்பனூர் வழியாக
நடுராத்திரிக்கு மேல்
தன் சங்கிலியிலேயே ஏறின இரண்டும்.
மதிலில் உட்கார்ந்த குரங்குகள்
எந்த வண்டியைப் பார்த்தாலும் கை நீட்டுபவை,
அன்றைக்கு நீட்டவில்லை.
மறுவாரம் நெடுஞ்சாலைத் துறை நோட்டீஸ்.
தார் பெயர்ந்தது இத்தனை மீட்டர்,
இத்தனை சென்டிமீட்டர்.

ஏரியில் இறக்கக் கூடாது என்றார்கள்.
நியாயம்தான்,
வாத்துப் படகில் பெடல் மிதிக்கிற ஜோடிகளுக்கு நடுவே
இதை எங்கே கொண்டுபோய் விடுவது.
பாக்சைட் வெட்டிப் போட்டுவிட்டுப் போன பள்ளம் ஒன்றில்
நாலு மழைக்காலத்துத் தண்ணீர்,
டீ நிறத்தில்.
அதைக் குத்தகைக்குப் பிடித்தோம்.

முதல் நாள் மாரப்பன்தான் ஓட்டினான்.
மூக்கு முங்கியது.
கரையில் கொய்யா விற்கிற பழனிச்சி
கூடையைத் தூக்கிக்கொண்டு நாலடி தள்ளி நின்றாள்.
அப்புறம்,
பதினாலு டன்னும்
ஒரு ஏப்பம் விட்டு மேலே வந்தது.
தண்ணீர் கசிந்த இடத்தில்
லாரி டியூபை வெட்டி வளையமாக வைத்தேன்.
இன்னும் நிற்கிறது அந்த வளையம்.

சாகசப் பயணம் என்று போர்டு வைத்தோம்,
சிவப்பில், தீப்பிழம்பு வரைந்து.
ஓசூரிலிருந்து கம்பெனிப் பையன்கள் வந்தார்கள்,
கத்தினார்கள், வாந்தி எடுத்தார்கள்,
ரேட் அதிகம் என்றார்கள்.
தவணை எட்டு கட்டியாகிவிட்டது. பாக்கி ஐம்பத்திரண்டு.

பள்ளிபாளையத்திலிருந்து வந்த அம்மா மட்டும்
தனியாக வந்தார்.
எட்டு சீட்டுக்கும் பணம் எண்ணி வைத்தார்.
நடுத்தண்ணீரில் எஞ்சினை நிறுத்தச் சொன்னார்.
மேல் மூடியைச் சாத்த முடியுமா?

சாத்தினேன்.
கால் மணி நேரம்
தகட்டின் மேல் நான் உட்கார்ந்திருந்தேன்.
எனக்குக் கீழே ஒரு சத்தமும் இல்லை.
தூரத்தில் கொக்கு ஒன்று
எங்களைப் பாறை என்று நினைத்து வந்து,
என்னைப் பார்த்துத் திரும்பிப் போனது.

வெளியே வந்து
சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:
'உள்ளே போன் எடுக்கலைங்க.'
குறையாகச் சொல்லவில்லை.
அடுத்த மாசம் மறுபடி வந்தார்.
கூட இரண்டு பேர்,
ஒருத்தரோடு ஒருத்தர் பேசாதவர்கள்.

ஃபைனான்ஸ்காரன் ஆறு தடவை கூப்பிட்ட ஒரு சாயங்காலம்
நானும் இறங்கிச் சாத்திக்கொண்டேன்.
கை தடவிய இடத்தில் கீறல்கள்.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
அடுத்து இரண்டு.
அதோடு சரி.
நாளை எண்ணினானா, ஆளை எண்ணினானா,
இல்லை என்னை மாதிரி தவணையையா.
சாவிமுனை விரலிடுக்கில்தான் இருந்தது.
கீறவில்லை.

போர்டை மாற்றச் சொல்லியிருக்கிறேன்.
தீப்பிழம்பு வேண்டாம்.
'மூடி சாத்தப்படும்' என்று மட்டும் போதும்.
பெயிண்டர் இரண்டு முறை போன் செய்து
இதுதானா என்று கேட்டுவிட்டார்.
தனிஸ்லாஸுக்கு ஒரே சந்தோஷம்,
எஞ்சின் நின்ற நேரத்துக்கும்
அதே ரேட்டாம்.

லிட்டருக்கு எவ்வளவு என்று
இப்போது நானும் கேட்பதில்லை.