முதற்பெயர் தெரியாதவள்

விசாவில் அச்சடித்திருந்தார்கள்:
குடும்பப்பெயர் இசக்கியம்மாள்,
முதற்பெயர் எஃப் என் யு.
தெரியவில்லை என்பதன் சுருக்கமாம்.
பாஸ்போர்ட்டில் ஒரு கட்டத்தை வெறுமனே விட்டிருந்தோம்,
அப்பாவின் பெயரை அங்கே எழுத
யாருக்கும் தோன்றவில்லை.

லப்பக்கில் இறங்கிய அன்று புழுதிக்காற்று.
வானம் செங்கல் சூளையைத் திறந்துவிட்டது போலிருந்தது.
மூன்றெழுத்து அட்டையோடு ஒருத்தி நின்றாள்.
யாரையோ அழைத்துப் போக வந்திருக்கிறாள் என்று
கடந்து போய்விட்டேன்.
அரைமணி நேரம் கழித்து
அவளும் நானும் மட்டும் மிஞ்சியபோது
திரும்பி வந்து
"நான்தான் போல" என்றேன்.

"ஃப்நூ" என்று பேராசிரியர் வருகை எடுத்தார்.
மூன்று பேர் கை தூக்கினோம்.
ஜகார்த்தாவிலிருந்து சுர்யாதி,
காபூலிலிருந்து நஜீபா,
மூன்றாவது நான்.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
பிறகு எண் போட்டார்.
அந்த செமஸ்டர் முழுக்க நான் ஃப்நூ இரண்டு.
நஜீபாவின் போன் பில்லை
இரண்டு மாதம் நான் கட்டியிருக்கிறேன்.
சுர்யாதிக்கு வந்த காதலர் தின அட்டை
இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கிறது.
யார் அனுப்பியது என்று இருவருக்கும் தெரியாது.

கல்விக்கடன் மட்டும் சரியான பெயரில் இருக்கிறது.
இருபத்தாறு லட்சம்.
வட்டிக்கு என்னை நன்றாகத் தெரியும்.

வீட்டில் சொல்லாத ஒன்று:
அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.
சென்னை விடுதியில் பெயரைச் சொன்ன மறுநொடி
எந்தப் பக்கம் என்பார்கள்.
சொன்னால், எந்த ஊர்.
சொன்னால், ஊரில் எந்தத் தெரு.
மூன்றாவது கேள்விக்காகத்தான்
முதல் இரண்டும்.
ஃப்நூவுக்குத் தெரு கிடையாது.
டெக்சாஸில் அவளை யாரும்
மேலிருந்து கீழ்வரை படிக்க முடியாது.

ஜனவரியில் பொங்கலுக்குக் கூப்பிட்டார்கள்.
சமூகக் கூடத்தில் காகிதத் தட்டில் சர்க்கரைப் பொங்கல்.
பட்டுச்சேலையில் ஒரு அக்கா
முந்திரியைத் தேடிப் பொறுக்கி என் தட்டில் வைத்து,
அன்பாகத்தான்,
"முழுப்பேர் என்னம்மா, எந்தப் பக்கம்?" என்றாள்.
"ஃப்நூ" என்றேன்.
"அது எந்தப் பக்கத்துப் பேரு?"
"கன்சாஸ் தாண்டி வரும்க்கா."
முந்திரி நன்றாக வறுபட்டிருந்தது.

என் ஆய்வு கான்கிரீட்டில்.
சாம்பல் கலந்த சிமெண்டை உருளைகளாக வார்த்து
இருபத்தெட்டு நாள் ஈரத்தில் வைத்து
எடுத்து நசுக்கிப் பார்ப்பது.
சாகும்போது எவ்வளவு தாங்கியது என்பதுதான்
அதன் மதிப்பெண்.
ஒவ்வொன்றின் வயிற்றிலும்
மார்க்கரால் அடையாளம் எழுத வேண்டும்:
எஃப்-1, எஃப்-2, எஃப்-3.

போன வாரம் ஒரு படிவம் வந்தது.
ஆய்வேட்டின் முதல் பக்கத்தில்
பெயர் எப்படி இருக்க வேண்டும்?
மு. இசக்கியம்மாள் என்று நிரப்பினேன்.
சுருக்கம் ஏற்கப்படாது, விரித்து எழுதவும் என்றது திரை.
விரித்தால் அது அப்பா.
பட்டம் வாங்கப் போவது அவர் இல்லை.
எஃப் என் யு என்று தட்டினேன்.
உடனே பச்சை டிக் விழுந்தது.
அனுப்பாமல் மூடிவைத்தேன்.

நேற்று ஆய்வகத்தில் யாருமில்லை.
கடைசி உருளை.
எண்ணுக்குப் பதிலாக, தமிழில்,
கோணலாக, இடம் போதாமல்
கடைசி எழுத்து அடிவிளிம்புக்கு இறங்கிப்போக
முழுப்பெயரையும் எழுதினேன்.
இயந்திரத்தில் ஏற்றிக் கதவைச் சாத்தினேன்.
ஊசி ஏறிக்கொண்டே இருந்தது.
இருபது டன்னில் ஒரு முனகல்.
இருபத்தைந்தில் எதுவுமில்லை.
இருபத்தொன்பதில் வெடித்தது,
க் மேலிருந்த புள்ளி வழியாக
ஒரு விரிசல் கீழிறங்கியது.

நோட்டில் குறித்துக்கொண்டேன்:
இருபத்தொன்பது டன்.
இதுவரை வந்ததிலேயே அதிகம்.
சாம்பலின் அளவு காரணமாக இருக்கலாம்,
இன்னும் மூன்று வார்த்துப் பார்க்காமல்
எதுவும் சொல்ல முடியாது.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான் சுர்யாதி.
"ஃப்நூ, துடைப்பம் எங்கே?"
"எந்த ஃப்நூ?" என்றேன்,
சில்லுகளைப் பொறுக்கியபடி.