தரையில் இறக்கிய பின்

ஒரு ஷிப்டுக்கு நானூற்று எண்பது.
ஷாக் அப்சார்பர் ஒவ்வொன்றையும்
சோதனை மேடையில் மாட்டுவேன்.
அமுங்கும், நீளும்,
திரையில் கோழிமுட்டை மாதிரி ஒரு கோடு வரையும்.
முட்டை கோணினால் சிவப்பு டப்பா.
ஒன்பது வருடம்.
இதில் ஒன்றின் மேலும் உட்கார்ந்து போனதில்லை.

என் பழைய போலோவுக்கு வாங்கியது
வேறு கம்பெனி சரக்கு.
மஞ்சள் சுருள், மரை போட்ட உடம்பு,
உயரத்தை நாமே கூட்டிக் குறைக்கலாம்.
சீட்டுப் பணம்.
மூக்கண்டப்பள்ளியில் யாருக்கும் சொல்லவில்லை.
அறுபத்திரண்டாயிரத்துக்கு ஸ்பிரிங்காம்,
ஒரு கம்மல் கிடையாதாம்.

ஞாயிறு காலை.
எங்கள் வாசல் மொத்தமும் சரிவு.
பின்சக்கரங்களுக்கு அணையாக
குவாரி லாரி சிந்திவிட்டுப் போன கருங்கல் இரண்டு.
ஜாக்கை நம்பாதே, ஸ்டாண்டை நம்பு,
ஸ்டாண்டையும் பாதிதான் நம்பு.
கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியிலேயே படுக்கவைத்தேன்.
இட்லித் தட்டுக் குழிகளில் போல்ட்டுகள்:
மேல்தட்டு இடது, கீழ்த்தட்டு வலது.
இன்று உப்புமா.

ஒரு நட்டு அசையவில்லை.
எண்ணெய் தெளித்தேன், காத்திருந்தேன்,
ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகி
மொத்த உடம்பையும் அதன்மேல் போட்டேன்.
என் எடை ஐம்பத்தொன்று.
நட்டு யோசித்தது.
எதிர்வீட்டு எல்லம்மா
துணி உலர்த்துவதை விட்டுவிட்டு வந்து
ஒன்றும் கேட்காமல்
குழாயின் நுனியில் தன் எழுபதையும் சேர்த்தாள்.
டங்.
போய்விட்டாள்.

பழைய சுருளை அமுக்குவதுதான் பயம்.
இரண்டு கொக்கி, இரண்டு நீளத் திருகு,
இந்தப் பக்கம் நாலு சுற்று, அந்தப் பக்கம் நாலு சுற்று.
அதற்கு நேரே முகத்தை வைக்கக் கூடாது.
இடது கொக்கி அரை விரல் வழுக்கியபோது
தெருவில் ஒரு சத்தமும் இல்லை,
அல்லது என் காதில் இல்லை.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது.
மெதுவாக, முழுக்கத் தளர்த்தி,
திரும்ப முதலிலிருந்து.

நஞ்சுண்டன் நாலு மணிக்கு எழுந்தார்.
அஞ்செட்டி பஸ் ஓட்டுகிறவருக்கு
ஞாயிறு என்றால் தூக்கம்.
டயருக்கும் வளைவுக்கும் நடுவே விரல் விட்டுப் பார்த்தார்:
முன்பு நாலு விரல், இப்போது ஒன்றரை.
"வண்டி உக்காந்துடுச்சு."
"நிக்குது" என்றேன்.

தேன்கனிக்கோட்டை தாண்டி மலை இறக்கம்.
வாரத்தில் ஆறு நாள் அவர் இறங்கும் வளைவுகள்,
அறுபது ஆளும் ராகி மூட்டைகளும் ஒரே பக்கம் சாய,
கம்பி கிடைத்தவன் மேல் கிடைக்காதவன் விழ.
இன்று யாரும் விழவில்லை.
மூன்றாம் கியர். திருப்பினேன்.
மூக்கு போனது, உடம்பும் கூடவே போனது,
டேஷ்போர்டு எலுமிச்சம்பழம் இருந்த இடத்திலேயே இருந்தது.
அவருடைய வலது கால் மட்டும்
இல்லாத பிரேக்கை மிதித்தபடி.

நான்காம் வளைவில் யானைச் சாணம். புதுசு.
இருவரும் கண்ணாடியை ஏற்றினோம்,
அதனால் ஏதோ ஆகிவிடும் என்பது போல.

அந்த அமைதியில்தான் அது கேட்டது.
ஞீக்.
ஒன்பது வருடக் காது. கேட்காதது போல ஓட்டினேன்.
அடுத்த பள்ளம். ஞீக்.
"முன்னாடி இடது" என்றார்,
காட்டைப் பார்த்துக்கொண்டே.

ராத்திரி டார்ச்சைப் பல்லில் கடித்துப் படுத்தேன்.
கீழ்க்கையின் போல்ட்டை
சக்கரம் காற்றில் தொங்கும்போதே இறுக்கியிருக்கிறேன்.
ரப்பர் அந்தத் தொங்கலையே தன் நிலை என்று பிடித்துக்கொண்டு
தரைக்கு வந்த பிறகும்
முறுகியே நிற்கிறது.
இதே தப்புக்காக
போன மாதம்தான் புதுப் பையனைத் திட்டினேன்.

தளர்த்தினேன். நாலு சக்கரத்துக்கும் பலகை கொடுத்து
முழு எடையையும் அதன்மேல் இறக்கினேன்.
"கொஞ்சம் ஏறி உக்காருங்க."
லுங்கியோடு வந்து உட்கார்ந்தார்,
போனில் நாளைய டூட்டி பார்த்தபடி.
அவருடைய எழுபத்தெட்டு கிலோ உள்ளே இருக்க
கடைசிக் கால் சுற்று.
டார்க் ரெஞ்ச் 'டிக்' என்றது.

"இறங்கட்டா?"
"இருங்க. அந்தப் பக்கம் இருக்கு."