கழுத்துப் பட்டிக்குள் ஒரு கணக்கு

எலுனெட்
அறுநூறு பனியனுக்கு ஆர்டர் கொடுத்தாள்.
'லண்டன் பார்ட்டி' என்று ஃபைலில் எழுதினேன்.
அடித்துவிட்டு வேல்ஸ் என்று எழுதச் சொன்னாள்.
திருப்பூரைக் கோயமுத்தூர்ப் பக்கம் என்பவர்களை
நான் முறைப்பது போலவே முறைத்தாள்.
அப்போதே பிடித்துப்போயிற்று.

நெஞ்சில் அவளே வரைந்த எழுத்துகள், அவள் பாஷையில்.
பிரிண்டிங் மாஸ்டர் திருமூர்த்தி
முதல் பீஸைத் தலைகீழாக அடித்தார்.
அர்த்தம் கேட்டோம்.
ஓட்டு ஆளுக்கு ஒன்று,
உழைப்பின் மிச்சம் மட்டும் ஏன் ஒரே ஆளுக்கு?
"டிசைன் ஜோருங்க" என்றார்
முதலாளி ராக்கியண்ணன்,
துணியைத் தடவிப் பார்த்தபடி.

டீக்கு அப்புறம்தான் குண்டைப் போட்டாள்.
கழுத்துப் பட்டிக்குள், சைஸ் லேபிளுக்குக் கீழே
இன்னொரு லேபிள்.
எல்லாம் படம்.
படிக்காதவருக்கும் புரிய வேண்டுமாம்.
நூல்கண்டுக்கு இவ்வளவு, சாயத்தொட்டிக்கு இவ்வளவு,
ஊசி, கத்தரிக்கோல், பேங்க் வட்டி,
நாற்காலி (அது முதலாளி), கப்பல்,
கடைசியில் பென்சில்.
பென்சில் அவள்.
அதன் எண்ணைத்தான் பெரிதாகப் போட்டிருந்தாள்.

"கோவணத்தையும் அவுக்கச் சொல்றாளுங்க"
என்றார் ராக்கியண்ணன்.
ஆர்டரை விடவில்லை.

காஸ்ட்டிங் ஷீட் என் பொறுப்பு.
பதினோரு வருஷமாய்
அந்தக் கட்டங்களுக்குள்தான் என் குடித்தனம்.
அதைச் சட்டைக்குள் வைத்துத் தைக்கச் சொன்னவள்
இவள் ஒருத்திதான்.

லேபிள் ஒன்றுக்கு எழுபது பைசா.
வைத்துத் தைக்க முப்பது.
அவள் விலை ஏறாது,
நாற்காலி இறங்காது.
ஒரு ரூபாய் எங்கே போகும்?
நொய்யல் போகிற மாதிரி
பள்ளம் பார்த்துப் போனது.
பிசிறு வெட்ட ஒன்று எண்பது இருந்தது
எண்பது பைசா ஆனது.
லேபிளோ ஒன்று எண்பது என்றே அச்சாகி
ரோல் ரோலாய் வந்து இறங்கிவிட்டது.

முதலில் தெய்வாத்தாள் கண்ணில் பட்டது.
"ஏனுங்க, இந்தக் கத்திரி நாந்தானுங்க?"
ஆமாம் என்றேன்.
"அப்ப ஒரு ரூவா எங்கீங்?"

சனிக்கிழமை சம்பள வரிசைக்கு
சேலைமேல் அந்தப் பனியனை
உள்புறம் வெளியே திருப்பிப் போட்டு வந்தாள்.
பிடரியில் லேபிள்.
பின்னால் நின்றவர்கள் படித்துக்கொண்டே நகர்ந்தார்கள்.
ராக்கியண்ணன் முன்பக்கமாகத்தான் பார்த்தார்.
அவருக்கு அது தையல் கோளாறு.

எலுனெட்டுக்கு எழுதினேன்.
உங்கள் லேபிள் பொய் சொல்கிறது.
அதன் செலவை அது
கத்தரிக்கோலிடமிருந்து தின்றிருக்கிறது.

மூன்று நாள் சத்தமில்லை.
நாலாம் நாள் இரண்டே வரி:
வெட்கமாக இருக்கிறது.
பென்சிலில் ஒரு ரூபாய் குறைத்துக்கொள்ளுங்கள்.

எண்பது ஒன்று எண்பது ஆனது.
பென்சிலின் எண்தான் இப்போது பொய்.
புதிதாக அடித்தால் இன்னொரு எழுபது பைசா.
அதனால் மார்க்கர் பேனாவோடு
நானும் தெய்வாத்தாளும் உட்கார்ந்தோம்.
அறுநூறு பென்சில், ஒன்றரை ஷிப்ட்.
அந்த வேலைக்குப் படத்தில் கட்டமே கிடையாது.

நானூற்றுச் சொச்சத்தில் கை வலிக்க
ஒரு லேபிளின் ஓரத்தில்
சின்னதாய் ஒரு பேனா வரைந்தாள் தெய்வாத்தாள்.
பக்கத்தில் எண் போடவில்லை.
அந்தப் பனியனும் பெட்டியில் போயிற்று.