ஒற்றைக்கண்ணி

செஸ்டருக்குக் கிழக்கே, அறுத்த கோதுமைத் தாள்
பனிக்கு மேல் குச்சி குச்சியாய் நிற்கும் இடத்தில்
வளையச் சோம்பல்பட்டு நேரே கிடக்கிறது தண்டவாளம்.
பதினோரு மைல் தள்ளியே வெளிச்சம் தெரிந்துவிடும்:
முதலில் ஒரு புள்ளி,
வெகுநேரம் ஒரே புள்ளி,
பிறகு மூன்றாய்ப் பிரியும்.
அதுவரை கேமரா பேட்டரி என் சட்டைக்குள், விலாவோடு.
பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்தாறு.

ஷெல்பி மாட்டுச் சந்தையில் சூட்டுக்குறி பார்ப்பது என் வேலை.
குளிர்கால மயிருக்கடியில் மங்கிய தழும்பைத் தடவி
யார் வீட்டுப் பசு என்று சொல்வேன்.
முகத்தைப் பார்த்து மாட்டை அறிய முடியாது.
எஞ்சினும் அப்படித்தான்;
ஆரஞ்சு மூக்கு எல்லாவற்றுக்கும் ஒன்று.

பின்னால் பார்க்க வேண்டும்.
ரேடியேட்டர் இருபுறமும் தோள் பிதுங்கினால் ஜெனரல் எலக்ட்ரிக்,
அதுவே திமில் வைத்திருந்தால்
புகைச்சட்டம் இறுகிய பிறகு பிறந்தது.
சக்கரச் சட்டத்தில் முழங்கை மாதிரி ஒரு காற்று உருளை இருந்தால்
ஆறு அச்சில் நான்குக்குத்தான் மோட்டார்.
நடு அச்சு இரண்டும் சும்மா உருள்கிறவை.
அவற்றை எனக்கு என்னவோ பிடிக்கும்.
எஸ்டி எழுபது மூச்சு விடாமல் முனகும்,
மற்றது ஒவ்வொரு வெடிப்பையும் எண்ணி எண்ணி வைக்கும்.
பட்டறையில் புதுப்பித்து எண் மாற்றியவற்றில்
வெயில் சாய்ந்தால் பழைய ஏழு மேலே எழும்பும்,
கைமாறிய மாட்டின் தோலில் போல.

பதினான்கு வருடம். ஆறாயிரத்துச் சொச்சம் படம்.

நவம்பரில் ஹேவரில் ஒரு காபிக்கடை.
அடுத்த மேசை ஆள், லெஸ்டர் ஸ்கொக்லண்ட், சரக்கு வண்டி ஓட்டுபவர்,
முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:
"நீலப் பிக்கப். இடது விளக்கு எரியாது.
வலது காலில் பாரம் போட்டு நிற்பீர்கள்.
எப்போதும் தெற்குப் பக்கம்."
நான் வாயைத் திறக்கவில்லை.
"பேர் தெரியாது. ஒற்றைக்கண்ணி என்போம்.
நீங்கள் நின்றால் குட்டையாய் இரண்டு ஊதல்.
விதியில் இல்லாதது."

அந்த ஊதலை எல்லாம்
'ஊதுகுழல் நடுமுதுகில், ஐந்து சுரம்' என்று
குறித்துவைத்தவள் நான்.

அன்றிரவு படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
ஓட்டுநர் கண்ணாடி முழுக்க வானம்.
ஒன்றில் மட்டும் ஒரு கையுறை,
அல்லது வெயில் தடுப்பின் நிழல்.

வெட்கத்தில் மறுநாளே பல்பு மாற்றினேன். பதினெட்டு டாலர்.

அதற்குப் பிறகு தானியம் போனது,
எண்ணெய் போனது, கொள்கலன்கள் போயின,
மறுபடி தானியம்.
ஒருவரும் ஊதவில்லை.
இரண்டு கண்ணும் எரிய நிற்கிறவள்
அவர்கள் ஏட்டில் யாரோ.

இதோ, தூரத்தில் புள்ளி.
இடது விளக்கின் ஃபியூஸ் எது என்று கையேட்டில் இல்லை.
பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாய்ப் பிடுங்குகிறேன்.
ரேடியோ நின்றது.
சூடு நின்றது.
இறங்கி ஓடி முன்னால் பார்க்கிறேன், இரண்டும் எரிகின்றன.
திரும்ப ஏறுகிறேன்.
புள்ளி இப்போது மூன்று.
பேட்டரி இன்னும் சட்டைக்குள்ளேயே.