சம உயரக் கோடுகள்

கோரமங்கலா, நான்காம் மாடி, இரவு ஷிப்ட்.
என் மவுஸ் ஏறிக்கொண்டிருப்பது
ஆல்ப்ஸ் மலையில் ஒரு சிற்றூராட்சி.
மக்கள்தொகை இருநூற்றுப் பதினொன்று,
ஒரு தேவாலயம், ஒரு பாலாடைக்கட்டிக் கிடங்கு.

இருபது மீட்டருக்கு ஒரு கோடு.
நெருங்கினால் செங்குத்து,
விலகினால் மாடு மேயும்.
உருகும் பனி எந்த முகட்டில் பிரிந்து
இரு பக்கமும் வழிகிறதோ
அதன் மேலேயே போகிறது ஊர் எல்லை.
தண்ணீரைக் கேட்டுத்தான் பிரித்திருக்கிறார்கள்.

பழைய வரைபடத்தில் கீழ்த்தெரு உண்டு.
புதியதில் இல்லை.
ஓரக்குறிப்பு: பனிச்சரிவு, பிப்ரவரி, பதினேழு வீடுகள்.
பிறகு யாரும் கட்டவில்லை.
முந்நூறு வருஷமாக வெறும் புல்.
"காலி இடம்தானே, சீக்கிரம் முடிங்க"
என்கிறார் நாகபூஷண்.

விடிந்ததும் ஹொரமாவுக்கு பஸ்.
எங்கள் லேஅவுட்டுக்கு வரைபடம் கிடையாது,
பி-காத்தா மட்டும்.
பத்திரத்தில் ஏரி என்ற சொல்லே இல்லை.
ஆனாலும் செப்டம்பர்தோறும்
தண்ணீர் உள்ளே வந்து
தன் எல்லையைக் காட்டிவிட்டுப் போகிறது,
சுவிட்சுக்கு ஒரு சாண் கீழே,
பழுப்பாக, மட்டம் பிசகாமல்.

பெயிண்டர் எஸ்தாக்கியிடம் சொன்னேன்:
எல்லாம் அடி,
அந்தக் கோட்டை மட்டும் விட்டுடு.

பாதி அடிச்சாச்சேக்கா என்றான்.