ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு ஒரு தேசம்

மூணு நாள் ஓட்டிப் பாருங்கக்கா,
பிடிச்சா ஆயிரத்து நானூறு,
பிடிக்கலன்னா கீறல் விழாம திருப்பிக் கொடுங்க
என்றார் லாரன்ஸ் ரோட்டு இதாயத்துல்லா.
ரீடிங் மெஷினோடு சேர்த்து
டிஸ்க்கையும் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

முதல் ராத்திரி
ஒரு குதிரை தந்தார்கள்,
துருப்பிடித்த வாள் ஒன்று,
செத்துப்போன அண்ணன் ஒருவன்.
பழிவாங்க வேண்டுமாம்.
எனக்கும் அண்ணன் உண்டு, குவைத்தில்.
இந்தப் பெட்டியே அவன் விட்டுப்போனதுதான்.
யாரைப் பழிவாங்குவது என்ற யோசனையிலேயே
பதினோரு மணி ஆகிவிட்டது.

மேப் முழுக்கப் பனிமூட்டம்.
கோபுரம் ஏறினால் நாலு தெரு தெளிகிறது.
இறங்கி, நடந்து, இன்னொன்று ஏறு.
பகலெல்லாம் மஞ்சக்குப்பத்திலும் வண்டிப்பாளையத்திலும்
இதைத்தானே செய்கிறேன்,
அங்கே சம்பளமாவது வருகிறது.

சண்டை நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன்.
அவன் கை ஓங்கும் நொடியில்
வட்டப் பொத்தானை அழுத்தினால்
உள்ளங்கை வரைக்கும் அதிர்கிறது.
பன்னிரண்டு பேரைச் சாய்த்தேன்.
பதின்மூன்றாவது ஆளுக்கும்
முதல் ஆளின் முகம்.

மீன்காரி ஒருத்தி வலை காணோம் என்றாள்.
ஆறு தாண்டித் தேடிக் கொடுத்தேன்.
கொடுத்த பிறகும் அதே கல்மேல் நின்று
ஐயோ என் வலை என்கிறாள்.
எங்கள் ஆபீசில் மனு கொடுக்க வருகிறவர்கள்தான்
ஞாபகத்துக்கு வந்தார்கள்.

இரண்டாம் ராத்திரி தலைநகரம்.
நாலாயிரம் வீடு என்று அட்டையில் போட்டிருந்தது.
ஆசையாகப் போனேன், தெருத் தெருவாக.
எல்லாம் வரைந்த கதவு.
முட்டினால் என் தோள்தான் அசைகிறது.
மீட்டர் இல்லாத வீட்டை
நான் எப்படி வீடென்று நம்புவது?

வண்டிப்பாளையத்தில்
'ஈபி' என்று ஒரு சத்தம் போதும்.
சோப்பு நுரையோடு திறப்பார்கள்.
பாதிச் சண்டையில் திறப்பார்கள்.
அழுது துடைத்த முகத்தோடு
பீரோவை நகர்த்தி வழி விடுவார்கள்.
ஒரு வீட்டில் ஆள் இருக்கிறார்,
நாலு மாதமாக சைபர் யூனிட்.
மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது.
அவர் விளக்கே போடுவதில்லை.
எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.
என்ன கேட்பது?

மூன்றாம் ராத்திரி கணக்குப் போட்டேன்.
அறுபது மணி நேர ஆட்டம்,
மணிக்கு இருபத்துமூன்று ரூபாய் சொச்சம்.
சில்வர் பீச்சில்
ஒரு பொட்டலம் சுண்டலும் நாலு கொசுக்கடியும்.
இந்தப் பக்கம் வண்டிக்கு முன் டயர்,
வழவழத்துக் கிடக்கிறது.
திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றே முடிவுசெய்தேன்.

கடைசியாக ஒருமுறை
குதிரையைக் கடலோரம் ஓட்டினேன்.
இறங்கி நீந்தினேன்.
கொஞ்ச தூரத்தில் எழுத்து வந்தது:
'இதற்கப்பால் உலகம் இல்லை. திரும்பு.'
தேவனாம்பட்டினத்தில் கடல் ஒருமுறை
தன் எல்லையைத் தாண்டி வந்தபோது
எந்த எழுத்தும் வரவில்லை.
கரைக்கு வந்து கன்ட்ரோலரைக் கீழே வைத்தேன்.
குதிரை தானாக மேயத் தொடங்கியது.
தூரத்தில் அந்த நகரம்,
விளக்குகளோடு.
நாலாயிரம் வீடு.
ஒன்றிலும் எனக்கு வேலை இல்லை.
ஒருவரும் கேட்க மாட்டார்கள்,
போன தடவை முன்னூறுதானே வந்தது,
இந்தத் தடவை எப்படிம்மா எழுநூறு என்று.
மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தேன்.
சூரியன் இரண்டு முறை உதித்தது அங்கே.

காலையில் இதாயத்துல்லாவிடம்
ஆயிரத்து இருநூறு என்றேன்.
கதை எப்படிக்கா?
கதை சுமார்.
ஃபைட்டு?
அதுவும் சுமார்தான்.
அப்புறம் எதுக்கு வாங்குறீங்க என்பதுபோல் பார்த்தார்,
ஆனால் வியாபாரி, கேட்கவில்லை.
ஆயிரத்து இருநூற்றைம்பதுக்கு முடிந்தது.

டயர் அடுத்த மாதம்.
அண்ணனை இன்னும் பழிவாங்கவில்லை.