தலைகுனியும் இடம்

கார்ன்வாலின் வடகரையில் கருங்கல் வீடு.
தகரச் சுரங்கக்காரன் ஒருவனுக்கு முதலில் இரண்டே அறை.
பக்கத்துச் சலவைக் கொட்டகையை முப்பத்தொன்றில் யாரோ சேர்த்துக்கொண்டார்கள்.
எழுபத்துநாலில் பின்னால் ஒரு சமையலறை,
அதன் தலைமேல் ஒரு படுக்கையறை.
அவரவர் தரையை அவரவர் உயரத்தில் போட்டுவிட்டுச்
செத்துப்போனார்கள்.
மிச்சத்தைச் சமாளிப்பது மாடிப்படியின் பாடு.

அது சமாளித்த அழகு:
ஆறு படி ஏறிச் சுவரில் முட்டும்.
விசிறி மடிப்பாய் மூன்று படிகளில் திரும்பும்,
உள்விளிம்பில் பெருவிரலுக்கு மட்டும் இடம்.
பிறகு நாலு ஏறி,
புது அறைக்குப் போக இரண்டு இறங்கும்.
ஒரு படி ஏழங்குலம், அடுத்தது ஒன்பது.
எட்டாம் படிக்கு மேல் உத்தரம்.

அங்கே எல்லாரும் குனிந்தார்கள்.
வீட்டை மதிப்பிட வந்த வங்கிக்காரர்,
ஈஸ்டருக்கு வந்த பாதிரியார்,
குளியல்தொட்டியைத் தூக்கி வந்து
பாதி வழியில் சிக்கி, ஜன்னலைக் கழற்றிய இருவர்.
குனிய மறந்தவன் என் மகன் டென்சில் மட்டும்.
பதினாறு வயது. வாரம் ஒரு வீக்கம்.
அவனுக்காகத்தான் தச்சரைக் கூப்பிட்டோம்,
அப்படித்தான் சொல்லிக்கொண்டோம்.

ட்ரீவ் டேப்பை நீட்டினார்.
தரையிலிருந்து தரைக்கு இரண்டாயிரத்து அறுநூற்றுப் பத்து மில்லிமீட்டர்.
"பதின்மூன்றால் வகுத்தால் இருநூறு, சொச்சம்.
சொச்சத்தை எல்லாப் படிக்கும் பங்கு போட்டுடலாம்.
அந்தக் கடைசி இரண்டு இறக்கத்தை மட்டும் தொட முடியாது.
அது தரைகளுக்குள்ள சண்டை."
மேலே பார்த்தார்.
"தலைக்கு இடம் வேணும்னா
சின்ன அறைத் தரையில எழுபது சென்டிமீட்டர் வெட்டணும்.
கட்டில் அங்கே நிக்காது. யாரோட கட்டில்?"

பாஸ்கோ டேப்பையே பார்த்தான்,
பதில் அதில் அச்சாகியிருப்பதுபோல.
"விருந்தாளிகளுக்கு" என்றான்.
"விருந்தாளிகளுக்கு" என்றேன் நானும்.
இரண்டு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து சொன்ன ஒரே சொல்.
தலையணை மேல் அவன் மூக்குக் கண்ணாடி கிடந்தது,
பக்கத்தில் ரத்த அழுத்த மாத்திரை, கடலேற்ற அட்டவணை.
ட்ரீவ் எல்லாவற்றையும் பார்த்தார்.
பென்சிலால் பலகையில் எழுபது என்று எழுதி
அடிக்கோடிட்டார்.

பழைய எட்டாம் படியைப் பெயர்த்தபோது
அடியில் இன்னொருவரின் பென்சில் கணக்கு.
வகுத்தலில் தப்பு.
மீதியை அந்த ஒரு படியில் போட்டு ஆணி அடித்து மூடியிருக்கிறான்.
தொண்ணூறு வருஷமாக ஒவ்வொரு முழங்காலும்
அவனுக்குத் திருத்திக் கொடுத்திருக்கிறது.

பதினொரு நாள் ஏணிதான்.
டென்சில் இரண்டிரண்டாகத் தாவுவான்.
எங்கள் வயதுக்கு ஒருவர் ஏற ஒருவர் பிடிக்கணும்.
மேலிருந்து: "பிடிச்சிருக்கா?"
கீழிருந்து: "பிடிச்சிருக்கு."
இரவில் அது, காலையில் அதுவே, இடம் மாறி.
வேறு பேச்சில்லை.
ஆறாம் நாள் அவன்
ஏறாமலே ஒரு தடவை கேட்டான்.
நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.
தண்ணீர்ச் சத்தம் என்று வைத்துக்கொண்டேன்.

இன்று படி முடிந்தது.
பைன் பலகை, சாம்பல் மரக் கைப்பிடி, ஒன்றுபோல் பதின்மூன்று.
கட்டில் நாலு துண்டாய்க் கொட்டகையில் சாய்ந்திருக்கிறது.
மகன் நிமிர்ந்தே ஏறி, ஏமாந்ததுபோல் நெற்றியைத் தடவிக்கொண்டான்.

முன்பெல்லாம் படுத்தபடியே எனக்குத் தெரியும்:
நாலாம் படி முனகும், பத்தாம் படி இருமும்,
பிறகு இடப்பக்கம் ஒரு கதவு.
இன்று சத்தமே இல்லை.
கூடத்துச் சோபாவில் படுத்திருப்பான்
என்று நினைத்தபோது
கதவிடுக்கில் தெரிந்தான்,
உத்தரம் இருந்த இடத்தில்
குனிந்தபடி, கக்கத்தில் தலையணையோடு.
"அங்கே இனி இடிக்காது" என்றேன்.
அவன் நிமிரவில்லை.

ட்ரீவ் தொடாமல் விட்ட இரண்டு பழைய படிகள்,
கீழ்நோக்கி, என் அறைக்கு.
ஒன்று கிரீச்சிட்டது.